வீட்டுக்கடன் 4 தவணை பிந்திவிட்டது, வங்கி பதில் தருவதில்லை

கேள்வி (கிளிநொச்சி)
காணியை ஈடு வைத்து எடுத்த வீட்டுக்கடன் 38 இலட்சம். 4 மாதத் தவணை கட்டவில்லை. கிளையில் கேட்டால் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு" என்கிறார்கள், போன் எடுப்பதில்லை. காலபோக நெல் வித்ததும் ஒரு தொகை கட்டலாம். அதுக்குள்ள காணியை ஏலத்தில் போட்டுவிடுவார்களா?

பதில் (வவுனியா)
கோட்டுக்குப் போகாமல் வங்கி தானே ஏலம் விடுறதைத்தான் 'பரேட்' எண்டு சொல்லுறது. அதுக்கு இடம் குடுக்கிறது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். 2011 திருத்தத்தின்படி முதல், அதாவது எடுத்த கடன்தொகை, 50 இலட்சத்துக்குக் குறைவெண்டால் அதைப் பாவிக்கேலாது, வழக்குத்தான் போடவேணும். கணக்குப் பார்க்கிறது முதலை மட்டும், ஏறின வட்டியைச் சேர்த்து இல்லை. 50க்கு மேலெண்டாலும் இயக்குநர் சபைத் தீர்மானம், வர்த்தமானி, மூன்று மொழிப் பத்திரிகை அறிவித்தல் எல்லாம் வந்த பிறகுதான் ஏலம்.

அதுக்காகச் சும்மா இருக்கவேண்டாம். தவணை 90 நாள் தாண்டினால் 'செயற்படாக் கடன்', அதாவது ஒழுங்காகக் கட்டுப்படாத கடன் எண்டு பதிஞ்சுபோடுவினம். கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில அது கிடந்தால் நாளைக்கு உழவு மெசினுக்கு லீசிங் எடுக்கிறதும் கஷ்டம்.

பதில் (முல்லைத்தீவு)
போனை விடுங்கோ, அதுக்குச் சாட்சி இல்லை. கிளை மனேச்சருக்கு ஒரு கடிதம், பிரதி தலைமையகக் கடன் அறவீட்டுப் பிரிவுக்கு. இரண்டும் பதிவுத்தபாலில். பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் மூலையில குத்தி வையுங்கோ. கடிதத்தில கடன் இலக்கம், பிந்தின தவணை, பிறகு கேட்கிறது மூன்று: ஒண்டு, இன்றைய நிலையில முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டவட்டி (பிந்தினதுக்குப் போடுற மேலதிக வட்டி) எவ்வளவு எண்டு தனித்தனியாகக் காட்டின கூற்று; இரண்டு, தண்டவட்டித் தள்ளுபடி; மூன்று, மாதத் தவணைக்குப் பதிலாக காலபோகம், சிறுபோகம் எண்டு வருசம் இரண்டு தவணை. "கொஞ்ச நாள் தாங்கோ" எண்டு எழுதினால் குப்பைக்கூடைதான். பங்குனியில எவ்வளவு, ஆவணியில எவ்வளவு எண்டு தொகையாக எழுதவேணும்.

நெல்லுக்காசை அப்படியே கொண்டுபோய்க் கட்டவும் வேண்டாம். வழமையாக முதலில தண்டவட்டி, பிறகு வட்டி, மிஞ்சினதுதான் முதலுக்குக் கழியும். தள்ளுபடி கடிதமாகக் கைக்கு வந்த பிறகு பெரிய தொகையைக் கட்டுங்கோ. அதுவரை மாதம் 5,000 எண்டாலும் கட்டினால் கட்ட மனமுள்ள ஆள் எண்டதுக்கு அத்தாட்சி.

பதில் (மன்னார்)
அதுக்கும் பதில் இல்லையெண்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி இலக்கம் 1935. அங்க முதலில கேட்பது "வங்கிக்கு எழுத்தில முறைப்பட்டீங்களா?" எண்டுதான். அந்தப் பதிவுத்தபால் துண்டு அங்க உதவும்.

ஒண்டு கேக்கிறன், இது சொந்த உறுதிக் காணியோ, அரசாங்கம் குடுத்த அளிப்புப் பத்திரக் காணியோ? அளிப்பெண்டால் ஈடு வைக்கப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இருந்திருக்கவேணும். அதின்ர பிரதியை எடுத்து வையுங்கோ.

கேள்வி கேட்டவர்
உறுதிக் காணிதான். கடிதம் தமிழில எழுதலாமோ?

பதில் (முல்லைத்தீவு)
தாராளமாக. தலைமையகப் பிரதியோட மட்டும் ஆங்கிலத்தில அரைப்பக்கச் சுருக்கம் ஒண்டு வையுங்கோ. மொழிபெயர்ப்புக்கு எண்டு மேசையில கிடக்காது.