லாரியை விட்டு இறங்கிய மாடு தள்ளாடினால்

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலிருந்து மாடு ஏற்றி வரும்போது நான் டிரைவர் பக்கத்தில் உட்காருவதில்லை, பின்னால் மாட்டோடுதான் வருவேன். சும்மா நிற்பதற்கே அது படும் பாடு அங்கேதான் தெரியும். காலை அகட்டி ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி நிற்கும். வண்டி அதிர அதிர தொடைச்சதை துடித்துக்கொண்டே இருக்கும். வளைவில் தலை ஒரு பக்கம் போகும், அப்புறம்தான் கால் மாறும்.

போன தடவை வந்த கறவை இறங்கியதும் பின்னங்கால் இடறி, தொட்டியோரம் சாய்ந்து நின்றுவிட்டது. தண்ணீரை முகர்ந்து பார்த்ததோடு சரி. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, குளம்பிலும் காயமில்லை. மணிக்கணக்கில் நின்ற தசைக்களைப்பும் தாகமும் பாதி, மீதி காது என்றார்.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. கூடவே இரண்டு சின்னப் பைகள். அவற்றில் கூழ் போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கும். வண்டி குலுங்கினால் படலம் நகர்ந்து அடியிலுள்ள நுண்மயிர்கள் வளையும், உடனே மூளைக்குச் செய்தி போகும். அடைத்த வண்டிக்குள் கண்ணுக்கு எதுவும் நகரவில்லை, காதோ ஓயாமல் 'ஆடுகிறாய்' என்கிறது. நாயும் பன்றியும் வண்டியில் வாந்தி எடுப்பது இந்தக் குழப்பத்தால்தான். உட்காது செயலிழந்த நாயை எவ்வளவு ஆட்டினாலும் அதற்குக் குமட்டுவதில்லையாம்! மாடு வாந்தி எடுப்பதில்லை, அதனால் அதன் அவஸ்தை நம் கண்ணில் படுவதில்லை. அசைபோடுவது குறைகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் தலைக்கயிற்றை ஒட்டக் கட்டுகிறார்களே, அதில்தான். தலையை அசைத்துத்தான் மாடு தன்னை நிறுத்திக்கொள்கிறது. அதையும் கட்டிப்போட்டால் பிரேக் போட்டதும் முட்டி மடிந்து விழத்தான் செய்யும். தலை இருபக்கமும் திரும்ப வேண்டும், கயிறு கால் சிக்கும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. தரையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் போடுங்கள், குளம்பு வழுக்காது, அதிர்வும் கொஞ்சம் குறையும். மோட்டார் வாகன விதிப்படி மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் விட வேண்டும், ஆனால் சந்தை வண்டிகளில் அதை யார் பார்க்கிறார்கள்?

இறக்கும்போது வாலை முறுக்கிக் குதிக்க வைக்காதீர்கள். கால் நிதானம் இல்லாத நேரம் அது. சரிவுப்பலகை வைத்து, அதுவாக இறங்கும்வரை காத்திருங்கள். நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள். அந்தக் கறவை மறுநாள் காலையில்தான் அசைபோட ஆரம்பித்தது.