பாடநூலில் நீக்கப்பட்ட பக்கங்கள் பிள்ளைகளை மாற்றுமா?

கேள்வி: 2023-இல், மத்திய அரசின் பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி, பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயத்தையும், அரசியல் அறிவியல் நூலிலிருந்து, காந்தியின் இந்து–முஸ்லிம் ஒற்றுமை முயற்சி இந்துத் தீவிரவாதிகளுக்குச் சினமூட்டியது என்ற பகுதியையும் நீக்கியது. எல்லாமே கைப்பேசியில் கிடைக்கும் காலத்தில் இது பிள்ளைகளின் மனத்தை மாற்றுமா?

பதில் 1: நான் வரலாற்று ஆசிரியர். பாடநூலில் இருப்பதை மாணவர் மறந்துவிடலாம். இல்லாததைப் பற்றிக் கேட்கவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தேர்வுக்கு வராததை யாரும் தேடிப் படிப்பதில்லை என்பதால், அந்த வெற்றிடத்தை வீட்டு வாட்ஸ்அப் குழு நிரப்பிவிடுகிறது.

பதில் 2: ஆசிரியர் ஐயா, பாடநூலுக்கு அவ்வளவு வலிமை இருப்பதாக நான் நம்பவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்று நெடுங்காலமாக அச்சிட்டு வருகிறார்கள். அதை மூச்சுவிடாமல் ஒப்பித்த என் வகுப்புத் தோழர்களில் சிலர், மணிக்கட்டில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கு வந்தார்கள்.

பதில் 1: உண்மைதான். ஆனால் அந்த வாசகம் முகப்புப் பக்கத்தோடு நின்றது. அதை நடத்த ஒரு பாடவேளைகூட எனக்கு ஒதுக்கப்பட்டதில்லை. முகலாயர் அத்தியாயத்துக்கோ பாடவேளையும் இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது.