கழுத்துக் கூனலும் அறுவை சிகிச்சையும்: உங்கள் அனுபவம் என்ன?

தொடக்கப் பதிவு

அப்பாவுக்கு அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்து, கழுத்து முன்பக்கம் குனிந்தபடியே இறுகிவிட்டது. தாடைக்கும் மார்புக்கும் நடுவே விரல் நுழைப்பதே கஷ்டம். அந்த மடிப்பில் தோல் புண்ணாகும், சவரம் செய்வது பெரும்பாடு. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி உடம்பையே பின்னால் சாய்ப்பார். வாயை அகலத் திறக்க முடியாமல் உணவு குறைந்து இளைத்துப்போனார். வலியைவிட இதெல்லாம்தான் அவரை அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தது.

நிற்க வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தார்கள். புருவத்திலிருந்து தாடைக்கு ஒரு கோடு போட்டு, அது செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று அளந்தார்கள். "நன்றாக நிமிர்த்திவிடுங்கள் டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். "முழுக்க நிமிர்த்தினால் படிக்கட்டும் தெரியாது, சாப்பிடும் தட்டும் தெரியாது. பிறகு குனியவும் முடியாதே அம்மா. கொஞ்சம் குனிந்தாற்போலவே வைக்கிறேன்" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே தோன்றாத விஷயம் இது. கோணல் என்றால் நேராக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

வெட்டியது கழுத்தின் அடியில், ஏழாவது எலும்பில். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது எலும்பின் துளையில்தான் நுழைகிறதாம். ஏழாவதில் அந்தத் தொந்தரவு குறைவு. தண்டுவடத்துக்கும் அங்கே இடம் தாராளம். பின்பக்கத்திலிருந்து எலும்பை ஆப்பு வடிவில் செதுக்கி எடுத்துவிட்டு, தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்து அந்த இடைவெளியை மூடினார்கள். மேலும் கீழும் திருகுகள், கம்பிகள். சுண்டுவிரல் சில மாதங்கள் மரத்திருந்தது. வெட்டிய இடத்தை ஒட்டி வெளிவரும் எட்டாவது நரம்புதான் காரணம் என்றார்கள்.

மறுமொழி

என் கதை வேறு மாதிரி. பல ஆண்டுகளுக்கு முன் தண்டுவட நெருக்கத்துக்காக லேமினெக்டமி செய்து, கழுத்தின் பின்பக்க எலும்புத் தகடுகளை எடுத்தார்கள். கம்பி எதுவும் வைக்கவில்லை. பின்னால் இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாத கழுத்து காலப்போக்கில் முன்னால் வளைந்தது. வலி பெரிதாக இல்லை என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கையெழுத்து மாறி வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். நடை தள்ளாடியது. வளைந்த எலும்பின் மேல் தண்டுவடம் இழுபட்டு நசுங்கியிருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. கழுத்து வலிக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கை சொல்வதைக் கேளுங்கள் என்பேன் நான்.

கழுத்தின் இரண்டாம் எலும்பிலிருந்து தூக்குநூல் விட்டதுபோல் ஒரு கோடு இறக்கி, அது ஏழாம் எலும்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்று பார்த்தார்கள். 4 செ.மீ.க்கு மேல் போனால் சிக்கல் என்பது பொதுவான கணக்கு. எனக்கு அதைத் தாண்டியிருந்தது. படுக்க வைத்து எடுத்த படத்தில் வளைவு ஓரளவு நிமிர்ந்ததால், எலும்பை வெட்டத் தேவையில்லை என்றார்கள். முன்பக்கம் எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகளை எடுத்து அங்கே கூண்டு போன்ற தாங்கிகள் பொருத்தினார்கள், பின்பக்கம் கம்பி. புகைப்பதை நிறுத்தும்வரை தேதி தரவில்லை, புகைத்தால் எலும்பு சரியாக ஒட்டாதாம்.

விழுங்குவதில் சிரமமும் கரகரத்த குரலும் வரும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், வந்தன, போய்விட்டன. என்னைப் பயமுறுத்தியது தோள். அறுவை முடிந்த மறுநாள் கை நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் தலைவார இடது கையைத் தூக்கினால் வரவில்லை. ஐந்தாவது நரம்பு வேரின் பலவீனம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். சரியாக மாதக்கணக்கில் ஆனது. தலையைத் திருப்ப முடிகிறதா என்று கேட்பவர்களுக்கு: பாதி முடிகிறது. திரும்பும் வேலையில் சுமார் பாதியை முதல் இரண்டு எலும்புகளே செய்கின்றன, எனக்கு அவற்றைத் தொடவில்லை.

மறுமொழி

அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். இறுகிய கழுத்துக்காரர்களிடம் முதல் கண்டம் மயக்கம் கொடுப்பதுதான். கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாது. அதனால் தொண்டையை மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மெல்லிய கேமராக் குழாய் வழியாகச் சுவாசக்குழாயைச் செலுத்துவோம். 1958-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட கழுத்து எலும்பு வெட்டுச் சிகிச்சை, நோயாளியை உட்கார வைத்து, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து நடந்தது. கை காலை அசைக்கச் சொல்லித்தான் நரம்பு பிழைத்ததா என்று பார்க்க முடிந்த காலம் அது. இப்போது நரம்புச் சமிக்ஞைகளைத் திரையில் அலைகளாகப் பார்க்கிறோம். ஒருமுறை தலையைச் சாய்க்கும் நேரத்தில் கால்களின் சமிக்ஞை விழுந்தது. யாரும் பேசவில்லை. சாய்த்ததைத் தளர்த்தி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்த எலும்பு விளிம்பை இன்னும் செதுக்கிய பிறகு அலை திரும்பியது. அதன் பின்னரே மறுபடி சாய்த்தார்கள்.

மறுமொழி

அம்மாவுக்குத் தலை தொங்கியது. உட்கார்ந்தால் தாடை மார்பில், படுத்தால் தலை நேராக. படத்தில் எலும்பு ஒட்டவில்லை. அறுவைக்குப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நரம்பியல் மருத்துவர், மாலையில் இமையும் தொங்குகிறதா என்று கேட்டார். தொங்கியது. ரத்தப் பரிசோதனையில் மயஸ்தீனியா கிராவிஸ், அதாவது நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசை சோர்ந்துபோகும் நோய், என்று தெரிந்தது. மாத்திரையிலேயே தலை நிமிர்ந்தது. தலை தொங்குகிறவர்கள் கத்திக்குப் போகுமுன் தசையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.