குரல் பதிவுச் செயலியின் சொந்தக் கோப்பு வடிவம்: வேவ் ஒலிக்கோப்பாக மாற்ற வழி உண்டா?

லயத்துக்காரி:
மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்து அப்பாயிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபோன் செயலியில் பதிந்து வைத்தேன். செயலியைச் செய்தவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். கோப்புகளை எந்தப் பிளேயரும் திறக்கவில்லை. ஓடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலியில் 'ரோ டேட்டா'வாக (வடிவம் குறிக்காத வெறும் தரவாக) இறக்கினால் வெறும் இரைச்சல். பாடியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு நிமிடத்தில் தானாக நிற்கும் சோதனைப் பதிவு 1,920,500 பைட் இருக்கிறது.

பண்டாரவளை நிரலர்:
அக்கா, அந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. நொடிக்கு 16,000 ஒலி அளவீடுகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 2 பைட், 60 நொடி: 1,920,000. அப்படியென்றால் ஒலியைச் சுருக்கவே இல்லை. செயலி ஜாவா நிரல்மொழியில் எழுதியதாக இருக்கும். தரவை எழுத அதிலுள்ள டேட்டாஅவுட்புட்ஸ்ட்ரீம் என்ற கருவி பைட்டுகளை பிக் எண்டியன் வரிசையில்தான், அதாவது பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைத்துத்தான், எழுதும். 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), 16000, பிக் எண்டியன் என்று கொடுத்துப் பாருங்கள்.

லயத்துக்காரி:
குரல் வந்துவிட்டது தம்பி! தப்பு மேளச் சத்தம்கூடத் தெளிவு. ஆனால் நொடிக்கொரு தடவை 'டிக்' என்று கேட்கிறது.

பண்டாரவளை நிரலர்:
மிச்சமுள்ள 500 பைட்தான் அது. நொடிக்கு 8 பைட் நேரக்குறிப்பை ஒலிக்கு நடுவிலேயே செருகியிருப்பார்கள், மொத்தம் 480. மீதி 20 கோப்பின் தொடக்கத்திலுள்ள விவரப் பகுதி (ஹெடர்).

பதுளைப் பொடியன்:
நேரத்தையும் சேமிக்க வேண்டியிருந்திருக்கும். வேவில் அதற்கு இடமில்லையே?

பண்டாரவளை நிரலர்:
இருக்கிறது. 1991இல் வந்த வேவ், துண்டு துண்டாக அமைந்த வடிவம். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயர், அப்புறம் நீளம். தெரியாத துண்டைப் பிளேயர் தாண்டிப் போய்விடும். நேரத்தைத் தனித்துண்டாக வைத்திருந்தால் இந்தப் பாட்டுகள் எந்த ஃபோனிலும் கேட்டிருக்கும். கொழும்பில் நான் வேலை செய்த இடங்களிலும் இதே கதைதான். டெமோ அவசரத்தில் ஒருவர் சொந்தமாக ஒரு வடிவத்தை உண்டாக்குவார். அதை எழுதிவைக்க நேரம் கேட்டால் "அது பிறகு" என்பார்கள். அவர் வேலை மாறினால் விவரமும் அவரோடு போய்விடும். ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தால் போதுமே! எனக்கு அதுதான் ஆத்திரம்.

அக்கா, மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். டிக் சத்தத்தை ஓடாசிட்டியில் வெட்டவும் வேண்டாம். அந்த 8 பைட்டுகளை எடுத்துவிட்டு வேவாக எழுதும் பைத்தான் நிரலை இங்கே போடுகிறேன். கோப்பின் அமைப்பையும் ஒரு பக்கத்தில் எழுதி இணைக்கிறேன். அதே செயலியில் பதிந்த வேறு யாருக்காவது உதவும்.