முதுகுக்கறி வெளுத்து நீர்விடுகிறது: குறை குளிரறையிலா, அறுப்பிலா?

கேள்வி: பொள்ளாச்சிப் பண்ணையாளர்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகே 80 வெண்பன்றிகள் உள்ள பண்ணை ஒன்றை நடத்தி வருகிறேன். முன்பு உயிர் எடைக்கே கேரள வியாபாரிகளிடம் விற்றுவந்த நான், சென்ற ஆண்டிலிருந்து வாரம் ஒருமுறை 6 பன்றிகளை வெளியிலுள்ள ஓர் அறுப்புக்கூடத்தில் அறுத்து, வெட்டிய துண்டுகளாகவே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து வருகிறேன். பங்குனி மாதம் தொடங்கியதிலிருந்து ஒரு சிக்கல் விடாமல் துரத்துகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு பன்றிகளின் முதுகுக்கறியும் தொடைக்கறியும் மறுநாள் காலையில் வெளுத்துப்போய், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும் அளவுக்குத் தொளதொளப்பாக இருக்கின்றன. தட்டில் வைத்த கறியைச் சுற்றி இளஞ்சிவப்பு நீர் தேங்குகிறது. அதே பன்றியின் தோள்பட்டைக் கறியோ நல்ல நிறத்துடன் இறுக்கமாகவே இருக்கிறது.

நான் எடைக்காக நீர் ஏற்றி விற்கிறேன் என்று ஒரு வாடிக்கையாளர் என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். ஒரு சொட்டு நீரும் சேர்க்காத எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை. குளிரறையின் வெப்பநிலையை 4 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்குக் குறைத்துப் பார்த்தேன். ஹோட்டல் கழிவுத் தீவனத்தை முற்றிலும் நிறுத்தி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கொடுத்துப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. இது நோயா, தீவனக் குறையா, குளிரறைக் குறையா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற இறைச்சியியல் ஆசிரியர்

உங்கள் வருத்தம் புரிகிறது. முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: இது நோயன்று, இந்தக் கறியை உண்பதால் தீங்கும் இல்லை. ஹோட்டல் கழிவு கொழுப்பை இளக்கி வழவழப்பாக்கும். ஆனால் கறி இப்படி நீர்விட அது காரணமாகாது. குளிரறையை 1 டிகிரிக்குக் குறைத்ததும் பயன் தராததற்குக் காரணம், கறி உங்கள் குளிரறைக்கு வந்து சேரும் முன்பே காரியம் முடிந்துவிட்டது என்பதுதான்.

உயிர் போன அந்த நொடியில் தசையும் இறந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம், ஆனால் தசைநார் அதற்குப் பின்னும் பல மணி நேரம் தன் வேலையைத் தொடரவே முயல்கிறது. இரத்தம் நின்றதும் ஆக்சிஜன் வருவதில்லை. ஆகவே தசை தனக்குத் தேவையான ஏ.டி.பி. என்னும் ஆற்றலை, முதலில் தன்னிடமுள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்தும், அது தீர்ந்ததும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்தும் பெறுகிறது. இந்தச் சிதைவின் கழிவு லாக்டிக் அமிலம். உயிருள்ள விலங்கில் இரத்தம் அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்விடும். அறுத்த பின் கொண்டுபோக இரத்தம் இல்லாததால், தோன்றிய அமிலம் முழுவதும் தோன்றிய இடத்திலேயே தங்குகிறது. நல்ல பன்றியில், அமிலம் கூடக்கூடக் குறையும் அளவான பி.எச். மதிப்பு ஏறத்தாழ 7இலிருந்து மெல்ல இறங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் 5.6, 5.7 அளவுக்கு வரும். அதற்குள் உடலும் குளிர்ந்திருக்கும்.

உங்கள் பன்றிகளில் இந்த இறக்கம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்று ஐயப்படுகிறேன். அமிலம் மட்டும் இருந்தால் தசைக்குக் கெடுதல் இல்லை. உடல் சூடு மட்டும் இருந்தாலும் இல்லை. 40 டிகிரிச் சூட்டில் இருக்கும் தசையில் அமிலமும் ஏறிவிடும்போதுதான் மயோசின் முதலிய புரதங்கள் உருக்குலைகின்றன. தசையின் எடையில் முக்கால் பங்கு நீர். அதில் பெரும்பகுதி இந்தப் புரத இழைகளுக்கு நடுவேதான் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இழைகள் சுருங்கி நெருங்கினால் நீர் வெளியேறத்தான் வேண்டும். உருக்குலைந்த புரதங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கறியும் வெளுத்துத் தெரிகிறது. முதுகிலும் தொடையிலும் சர்க்கரையை வேகமாகச் சிதைக்கும் வெள்ளை இழைகள் மிகுதி. தொடைக்கறி தடித்த பகுதியாதலால் உள்சூடு தணியவும் நேரமாகிறது. தோள்பட்டையில் சிவப்பு இழைகள் கூடுதல். அது தப்பித்தது அதனால்தான்.

இது என் ஐயமே தவிர முடிவன்று. பன்றிகள் பண்ணையிலிருந்து புறப்படும் நேரம் முதல் குளிரறைக் கதவு மூடும் வரை என்னென்ன நடக்கிறது என்பதை நேரத்தோடு எழுதுங்கள். கத்திமுனை உள்ள பி.எச். மானி ஒன்றை வாங்கவோ கடன் பெறவோ முடிந்தால், அறுத்து 45ஆம் நிமிடத்தில் கடைசி விலா எலும்பருகே முதுகுத்தசையில் குத்தி, பி.எச்., வெப்பநிலை இரண்டையும் குறியுங்கள். மானியைப் பி.எச். 7, 4 ஆகிய இரு கரைசல்களிலும் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எண் ஏமாற்றும்.

கேள்வியாளர்

ஐயா, விரிவான பதிலுக்கு நன்றி. நண்பர் ஒருவரின் பால் பரிசோதனைக் கூடத்திலிருந்து மானியை இரவல் பெற்று, இந்த வியாழக்கிழமை நானே உடனிருந்து அளந்தேன்.

காலை 6 மணிக்குப் பன்றிகளுக்கு வழக்கம்போல் முழுத் தீவனம் போட்டோம். 11 மணிக்கு மினி லாரியில் ஏற்றினோம். இரண்டு கொட்டில்களிலிருந்து மும்மூன்றாக எடுத்தோம். 40 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இறக்கிய உடனே, ஒன்றன்பின் ஒன்றாகக் கழியால் அடித்து உள்ளே ஓட்டினார்கள். மின்சாரத்தால் மயக்குபவரும் கழுத்தில் குத்தி இரத்தம் வடிப்பவரும் ஒரே ஆள் என்பதால், இடுக்கியைக் கீழே வைத்துக் கத்தியை எடுத்துக் குத்துவதற்குள் 50 நொடிகள் ஆகிவிட்டன. வெந்நீர்த் தொட்டியில் ஒன்றுதான் கொள்ளும். மற்றவை குடலும் எடுக்கப்படாமல் தரையில் காத்துக் கிடந்தன. முடித்தவற்றைக் கூரைக்கடியில் தொங்கவிட்டு, எல்லாம் முடிந்த பின் மாலை 5 மணிக்கு மொத்தமாகக் குளிரறைக்குள் தள்ளினார்கள். அன்று வெளியே 37 டிகிரி வெயில்.

6 பன்றிகளின் 45ஆம் நிமிடப் பி.எச்.: 5.6, 5.7, 5.7, 5.8, 6.3, 6.4. முதல் நான்கிலும் தசையின் சூடு 40 டிகிரிக்கு மேல்; 5.6 காட்டியதில் 41.2. மானிமுனையைச் செருகிய இடத்திலிருந்தே நீர் கசிந்து கம்பியின் வழியாகச் சொட்டியதை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் ஒவ்வொன்றிலிருந்தும் 100 கிராம் துண்டு எடுத்து, நூலில் கட்டி, பையின் பக்கத்தைத் தொடாமல் பையினுள் தொங்கவிட்டு, குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தேன். 5.6 காட்டிய பன்றியின் துண்டு 8 கிராம் இழந்தது; 6.4 காட்டியது 2 கிராம்தான் இழந்தது.

முன்பு எழுத மறந்த ஒரு செய்தி: மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பன்றி லாரியிலேயே இறந்துவிட்டது. நடுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, தோலில் சிவப்பும் வெளுப்புமாகத் திட்டுகள் தோன்றி, கால் மணி நேரத்துக்குள் விறைத்தது. வெயில் என்றுதான் நினைத்தோம்.

பதில்: தேனிப் பண்ணையாளர்

அண்ணா, எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. முந்தைய நாள் மதியமே பன்றிகளைக் கொண்டுபோய் அறுப்புக்கூடக் கொட்டிலில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் அறுத்தோம். வெளுப்பும் நீரும் அடியோடு நின்றுவிட்டன. ஆனால் இப்போது சில கறிகள் கருஞ்சிவப்பாக, கையில் ஒட்டும் பசை போல் இருக்கின்றன. நீர் சிறிதும் விடுவதில்லை. மூன்றாம் நாளிலேயே வாடை வருகிறது. இதுவும் அதே சிக்கலின் மறுபக்கமா என்று ஆசிரியர் ஐயா விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற இறைச்சியியல் ஆசிரியர்

தேனி நண்பர் கேட்டது மிகச் சரியான கேள்வி. நீங்கள் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி மறு பள்ளத்தில் இறங்கிவிட்டீர்கள். அறிமுகமில்லாத பன்றிகளை ஒரே கொட்டிலில் இரவு முழுவதும் பட்டினியாக விட்டால், யார் பெரியவர் என்று முடிவாகும்வரை அவை சண்டையிடும். முதுகிலும் தோளிலும் கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தசையின் கிளைக்கோஜன் அந்தச் சண்டையிலேயே கரைந்துவிடுகிறது. அறுத்த பின் அமிலமாக மாறுவதற்குச் சர்க்கரை மிச்சமில்லை, மறுநாளும் பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். புரதம் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் கறி கருத்தும் உலர்ந்தும் தெரிகிறது. அமிலம் இல்லாததால் பாக்டீரியாக்கள் விரைவில் பெருகுகின்றன. வாடை அதன் விளைவே. பட்டினியும் ஓய்வும் தேவைதான், ஆனால் அளவோடு: கடைசித் தீவனத்திலிருந்து அறுப்பு வரை 12 முதல் 18 மணி நேரம், அறுப்புக்கூடத்தில் ஓய்வு 2 முதல் 3 மணி நேரம், ஒரே கொட்டிலில் வளர்ந்தவற்றை ஒன்றாகவே வைத்திருத்தல், குடிநீர் எப்போதும்.

இனிப் பொள்ளாச்சி நண்பருக்கு. உங்கள் அளவீடுகள் ஐயத்தை உறுதிசெய்துவிட்டன. 45ஆம் நிமிடத்தில் பி.எச். 5.8 அல்லது அதற்குக் கீழும், சூடு 40 டிகிரிக்கு மேலும் என்பது இந்தக் குறையின் தெளிவான அடையாளம். நீங்கள் எழுதிய நாளின் ஒவ்வொரு படியும் அதே திசையில்தான் தள்ளியிருக்கிறது. உச்சி வெயிலில் பயணம். பன்றிக்கு வியர்த்துக் குளிர வழியில்லை. இறக்கிய உடனே கழியடி. கடைசி ஐந்து நிமிட அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், கிளைக்கோஜன் சிதைவை உயிர் இருக்கும்போதே முடுக்கிவிடுகிறது. அந்தப் பன்றி அறுக்கப்படும் நொடியிலேயே அதன் தசையில் அமிலமும் சூடும் ஏறியிருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அந்த 50 நொடிகள். தலையில் மட்டும் மின்சாரம் கொடுத்து மயக்கினால் 15 நொடிகளுக்குள் இரத்தம் வடிக்கத் தொடங்க வேண்டும்; மின்னோட்டமும் 1.3 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. தாமதித்தால் பன்றிக்கு உணர்வு திரும்பத் தொடங்கிவிடும். அது முதலில் அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. கறி கெடுவது அதன் பிறகுதான். இதற்கு ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தும்படி கண்டிப்பாகக் கேளுங்கள்.

கடைசிப் படி, குளிர்விப்பு. வெந்நீரில் முக்கி எடுத்த உடல் மேலும் சூடாகவே இருக்கும். குடலை எடுக்காமல் கிடந்தால் உள்சூடு வெளியேற வழியில்லை. ஒவ்வோர் உடலும் முடிந்த உடனே இரண்டாகப் பிளந்து, இடைவெளி விட்டு, காற்றாடி ஓடும் குளிரறையில் தொங்க வேண்டும். எல்லாம் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய இழப்பு.

லாரியில் இறந்த பன்றியைப் பற்றி நீங்கள் எழுதியது வெயிலோடு முடியும் செய்தியாகத் தோன்றவில்லை. அதைப் பற்றிக் கால்நடை மருத்துவர் யாராவது எழுதினால் நல்லது.

பதில்: கால்நடை மருத்துவர், ஈரோடு மாவட்டம்

நடுக்கம், தோலில் திட்டுகள், நிமிடங்களில் விறைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், பன்றி மன அழுத்த நோய்த்தொகுதியை நான் முதலில் எண்ணுவேன். தசைநாருக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதால், சில பன்றிகளில் அது எளிதில் திறந்து, மூட மறுக்கிறது; தசை சுருங்கிக்கொண்டே இருக்க, சர்க்கரை கட்டுக்கடங்காமல் எரிகிறது. ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவைச் சுவாசித்தால் இப்பன்றிகள் விறைத்துவிடும் என்பதால், இதை ஹாலோத்தேன் மரபணு என்பார்கள். டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வுக்குழு 1991இல் இந்த ஒற்றை மாற்றத்தைக் கண்டறிந்த பிறகு, வாயு தேவையில்லாமல் மரபணுச் சோதனையாலேயே அறிய முடிகிறது. பியெட்ரெய்ன் இனத்திலும், சில லேண்ட்ரேஸ் வழிகளிலும் இது அதிகம் காணப்பட்டது. பின்னந்தொடை பருத்து, கொழுப்புக் குறைந்து அழகாகத் தெரிவதால், வளர்ப்பவர்கள் அறியாமலேயே இதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இரு பெற்றோரிடமிருந்தும் குறை வந்த பன்றிதான் இப்படி இறக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தது நலமாக வளரும், ஆனால் சிறிது முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் அதன் கறி வெளுக்கக்கூடும். ஆகவே சொல்லுங்கள்: இறந்ததும் அந்த நான்கும் ஒரே ஆண் பன்றியின் வாரிசுகளா?

ஹாம்ப்ஷயர் இனத்தில் வேறொரு மரபுக் குறை உண்டு; 2000இல் அதன் மரபணு கண்டறியப்பட்டது. அதில் தசைக் கிளைக்கோஜன் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதலாகச் சேர்ந்திருக்கும். 45ஆம் நிமிட மதிப்பு சரியாகவே இருந்து, மறுநாள்தான் 5.4 அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கும். உங்கள் எண்கள் அப்படி இல்லாததால் அதை விட்டுவிடலாம்.

கேள்வியாளர்: ஆறு வாரங்களுக்குப் பின்

ஆசிரியர் ஐயாவுக்கும் மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. பதிவேட்டைப் புரட்டினேன். இறந்ததும், நான்கில் மூன்றும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடை அழகைப் பார்த்து நான் வாங்கிய லேண்ட்ரேஸ் ஆணின் வாரிசுகளே. இறந்ததன் தாயையும் அதே பண்ணையில்தான் வாங்கினேன். இரண்டின் மயிரையும் வேரோடு பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டிலும் குறையுள்ள மரபணுவின் ஒவ்வொரு பிரதி இருப்பதாக முடிவு வந்துவிட்டது. இரண்டையும் இனவிருத்தியிலிருந்து விலக்கிவிட்டேன்.

இப்போது மாலை 4 மணித் தீவனமே கடைசி. விடியற்காலை 3 மணிக்கு ஏற்றி, 4.30க்கு இறக்கி, நீர் தெளித்து, 7 மணி வரை படுக்கவிடுகிறோம். கழிக்குப் பதிலாக ஒரு பலகையைப் பிடித்து மெல்ல நடத்துகிறோம். குத்துவதற்குத் தனி ஆள் நிற்கிறார். 10 நொடிக்குள் முடிகிறது. அவருடைய கூலி என் கையிலிருந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஒவ்வோர் உடலும் 35 நிமிடத்துக்குள் குளிரறைக்குப் போகிறது. கடைசி இரண்டு முறைகளில் அறுத்த 12 பன்றிகளில் பத்து 6.1க்கு மேல். மீதி இரண்டும் 5.7, 5.8, அவை அந்த ஆணின் வாரிசுகள். இன்னும் 11 வாரிசுகள் கொட்டிலில் உள்ளன. அவற்றின் கறி வெளுத்தால் என்ன செய்வது என்பதே என் கடைசிக் கேள்வி.

பதில்: ஓய்வுபெற்ற இறைச்சியியல் ஆசிரியர்

மிக்க மகிழ்ச்சி. அந்த 11இல் பாதி அளவுக்குக் குறையே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே சோதிக்காமல் ஒதுக்காதீர்கள். அவற்றை அன்றைய தொகுதியில் முதலாவதாக அறுத்து, முதலாவதாகக் குளிரறைக்கு அனுப்புங்கள். 45ஆம் நிமிடத்தில் 5.8 அல்லது அதற்குக் கீழ் காட்டியவற்றின் முதுகையும் தொடையையும் தனித் தட்டில் பிரித்து வையுங்கள். ஹாம் (உப்புநீர் ஏற்றிப் பதப்படுத்தும் தொடைக்கறி) செய்ய வேண்டாம். ஏற்றிய உப்புநீர் உள்ளே தங்காது, வேகவைத்ததும் துண்டுகள் ஒட்டாமல் பிரியும். அரைத்து, நல்ல கறியோடு கலந்து சாசேஜ் செய்யலாம். நான் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கலப்பதில்லை. தோள்பட்டையை வழக்கம்போலவே விற்கலாம்.

உங்கள் மீது பழி சொன்ன அந்த வாடிக்கையாளரிடம், 8 கிராமும் 2 கிராமும் இழந்த இரு துண்டுகளின் கதையை எண்களோடு சொல்லிவிடுங்கள். அடுத்த தொகுதியின் அளவீடுகளையும், 24ஆம் மணி நேரப் பி.எச். மதிப்போடு சேர்த்து, இங்கேயே பதியுங்கள்.