சூடோஹைஃபாவுக்கு 'போலி இழை' வேணாம், 'மொட்டுச்சரம்' வைப்போமா?

எல்லாருக்கும் வணக்கம், ஈஸ்ட் மாதிரி பூஞ்சை செல்லுங்க பிரியாம சரமா நீண்டு நிக்குற வடிவம்தான் சூடோஹைஃபா, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்ங்கிற நம்ம பேச்சுல வந்த இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுறேன்.

> சூடோன்னா போலி, ஹைஃபான்னா இழை. அப்ப போலி இழை, இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனா எனக்கு மனசு ஒப்பல. போலின்னதும் படிக்கிற புள்ளைங்களுக்கு ஏதோ டூப்ளிகேட்டு, பெருசா கண்டுக்க வேணாம்னு தோணிடும். இது அப்படி விடுற விஷயமே இல்ல. நோயாளி உடம்புல சொருகுற கதீட்டர் குழாய்ல கேண்டிடா அல்பிகன்ஸ்ங்கிற பூஞ்சை படலமா படிஞ்சிருக்கும்ல, அதுல உருண்டை ஈஸ்ட், நிஜ இழை, இந்த சூடோஹைஃபான்னு மூணும் பின்னிக் கெடக்கும், அந்தப் படலத்துக்குள்ள ஃப்ளுகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து கிட்டத்தட்ட எடுபடவே எடுபடாது, பல நேரம் குழாயையே உருவி எடுக்க வேண்டியதாகுது.

மைக்ராஸ்கோப்புல எப்படி இருக்குன்னு யோசிங்க. நிஜ இழை ரெண்டு பக்கமும் ஒரே அகலமா குழாய் மாதிரி ஓடும், இடுப்பே கிடையாது. இது வேற. ஈஸ்ட் மொட்டு விடுது, மொட்டு நீளுது, ஆனா தாயை விட்டுப் பிரியாம அதுவே அடுத்த மொட்டை விடுது, அதுலேர்ந்து இன்னொண்ணு, ஒவ்வொரு சந்துலயும் நிலக்கடலை நடுவுல இருக்குமே அந்த மாதிரி ஒரு ஒடுக்கம். பாத்தா அப்படியே மல்லிமொட்டு கட்டின சரம்தான். அதனாலதான் மொட்டுச்சரம்னு கேக்குறேன்.

அக்கா 'அரும்புச்சரம்' சொல்லியிருந்தாங்க, கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா ஈஸ்ட் 'மொட்டு விடுது'ன்னுதான நாம ஸ்கூல்ல படிச்சோம், தெரிஞ்ச சொல்லை ஏன் விடணும்?

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஃப்ளுகோனசோல் பட்ட கேண்டிடாவுல தாய், மகள், பேத்தி மூணு செல்லும் பிரிய முடியாம ஒட்டிக்கிட்டே நிக்குதாம், அதுக்கு ட்ரைமெரான்னு பேர் வச்சாங்க. அங்க நியூக்ளியஸ் பங்கீடு குளறுபடியாகி ஒரே செல்லுல குரோமோசோம் ரெண்டு மடங்கா சேந்துடுது, அடுத்தடுத்த பிரிவுல அது ஏறுக்குமாறா பிரிஞ்சு போகுது. குரோமோசோம் கணக்கு மாறினா மருந்தைத் தாங்க முடியும்னு 2006-லயே காட்டியிருக்காங்க. அஞ்சாம் குரோமோசோமோட இடது கை கூடுதலா இருக்கிற செல்லுல, ஃப்ளுகோனசோல் தாக்குற என்சைமுக்கான ஈஆர்ஜி11 ஜீனும் கூடுதலா இருக்கு, மருந்தை வெளிய தள்ளுற பம்பை முடுக்குற டிஏசி1 ஜீனும் அங்கயேதான் இருக்கு. ஆக மருந்தே செல்லோட உருவத்தைக் குலைச்சு, அந்தக் குலைவுலேர்ந்தே மருந்துக்கு அடங்காததும் பொறக்க வழி ஆகுது.

இந்த ட்ரைமெராவுக்கு நாளைக்கு ஒரு சொல் கண்டிப்பா வேணும். 'போலி இழை'ய வச்சுக்கிட்டா அதுலேர்ந்து இதுக்கு வழியே கிடையாது. மொட்டைப் புடிச்சா 'மும்மொட்டு'ன்னு தானா வந்துடும். முச்சரம்னு மட்டும் போயிடக்கூடாது, அது மூணு வடச் சங்கிலி ஆயிடும், இங்க இருக்கிறது ஒரே வரிசைல மூணு செல்லு. ரெண்டும் ஒண்ணில்லங்கிறதையும் குறிப்புல எழுதணும், மொட்டுச்சரம் மருந்தே இல்லாமலும் வரும், மும்மொட்டு மருந்து பட்டதால வர்றது.

ஹைஃபாவுக்கு 'பூஞ்சையிழை' அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேணாம். அக்கா, நீங்க லேப்ல ஸ்லைடு பாக்குறவங்க, மொட்டுச்சரம்னு ரிப்போர்ட்ல எழுதினா உங்களுக்கு உறுத்துமா, சொல்லுங்க.