கெட்டியாக்கிய தாய்ப்பால் புட்டிக்குள்ளேயே நீர்த்துவிடுகிறது. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு என்ன செய்வது?

கேள்வி: புதுத்தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. 33ஆவது வாரத்தில் பிறந்த குறைமாதக் குழந்தை. பால் குடிக்கும்போது கண்கள் கலங்குவதும், குடித்து முடித்தபின் தொண்டையில் ஏதோ தங்கிவிட்டதுபோல் கரகரவென்று மூச்சு விடுவதும் அவளுக்குத் தொடக்கம் முதலே இருந்தன. ஆனால் ஒருநாளும் இருமவில்லை, பெரிதாகப் புரையேறவும் இல்லை என்பதால் வெறும் சளி என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். மறுபடியும் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தபோதுதான், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்னும் பொருளைக் கலந்த பாலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாலைக் குடிக்கும்போது அதில் சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது என்றும், சற்றுக் கெட்டியான பால் பத்திரமாக உணவுக்குழாய்க்குள் போகிறது என்றும் அதில் தெரிந்தது. பானங்களின் கெட்டித்தன்மையை எண்களால் குறிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்னும் சர்வதேச அளவுகோலின்படி இரண்டாம் நிலைக்குப் பாலைக் கெட்டியாக்கிக் கொடுக்கவேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

பம்ப் வைத்து எடுத்த தாய்ப்பாலில் குழந்தைகளுக்கான அரிசி சீரியலைக் கலந்து கொடுத்துவருகிறேன். கலக்கியவுடன் பால் நன்றாகத்தான் கெட்டிப்படுகிறது; ஆனால் அவள் பாதிப் புட்டியைக் குடித்து முடிப்பதற்குள் மீதி பழையபடி தண்ணீராகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் சீரியல் சேர்த்தால் நிப்பிள் அடைத்துக்கொள்கிறது, அவளும் உறிஞ்சிக் களைத்துத் தூங்கிவிடுகிறாள். நிப்பிளின் துளையைப் பிளேடால் பெரிதாக்கினால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பானங்களைக் கெட்டியாக்கப் பெரியவர்களுக்கு விற்கும் சாந்தன் கம் என்னும் பசைப் பொடி தாய்ப்பாலிலும் நீர்த்துப்போகாது என்று உறவினர் ஒருவர் சொன்னார். இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு இன்னும் நாள் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பதில்: விழுங்கல் சிகிச்சையாளர்

வணக்கம் அம்மா. குழந்தைகளின் உணவூட்டல், விழுங்கல் சிக்கல்களைப் பார்க்கும் பேச்சு சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். நீங்கள் கலக்கும் முறையில் குறை எதுவும் இல்லை. தாய்ப்பாலில் அமைலேஸ் என்னும் நொதி இருக்கிறது. மாவுச்சத்தைச் சிதைப்பதே அதன் வேலை. அரிசியோ ஓட்ஸோ சோளமாவோ, மாவுச்சத்தைக் கொண்டு தாய்ப்பாலை எவ்வளவு கெட்டியாக்கினாலும் அந்த நொதி அதை உடைத்துப் பாலை மீண்டும் நீர்க்கவைத்துவிடும். ஆகவே கூடுதலாகச் சீரியலைக் கொட்டுவது இதற்குத் தீர்வாகாது. புட்டியின் முதல் பாதியில் நிப்பிள் அடைத்துக்கொள்ளும், இரண்டாம் பாதியில் எந்தப் பால் அவளுக்கு ஆபத்து என்று வீடியோவில் தெரிந்ததோ அதே பால்தான் வாய்க்குள் போகும். இந்தச் செய்தியை அடுத்த சந்திப்புவரை வைத்திருக்காமல் உங்கள் மருத்துவருக்கு நாளைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மாற்று ஏற்பாடு முடிவாகும்வரை எதை, எப்படி ஊட்டுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சில குழந்தைகளுக்கு அந்த இடைக்காலத்தில் மூக்குவழிக் குழாயில் பால் கொடுப்பதும் உண்டு. அதைக் கேட்டு மனம் உடைந்துவிடாதீர்கள், நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடுதான் அது.

சாந்தன் கம் விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவேண்டாம். அது தாய்ப்பாலில் நீர்த்துப்போகாது என்று உங்கள் உறவினர் சொன்னது உண்மை. ஆனால் சாந்தன் கம்மில் செய்த சிம்ப்ளிதிக் என்னும் பொருளை 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. அதைக் குடித்த சில குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் திசு அழற்சியுற்று அழுகும் கொடிய நோய் வந்ததே அதற்குக் காரணம். நிறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கும் அந்நோய் வந்ததையடுத்து, எந்த வயதுக் கைக்குழந்தைக்கும் கவனம் தேவை என்று 2012இல் அந்த எச்சரிக்கையை விரிவாக்கினார்கள். அந்தப் பொருள்தான் நோய்க்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றாலும், உங்கள் மகள் 33 வாரத்தில் பிறந்தவள் என்பதால் இதில் துணிந்து பார்ப்பதற்கு இடமே இல்லை.

தாய்ப்பாலில் நிலைத்து நிற்கக்கூடிய இன்னொரு வகை, கேரப் என்னும் மரத்தின் விதைப் பசையில் தயாராகும் பொடி. அதில் மாவுச்சத்து இல்லாததால் அமைலேஸ் அதை உடைப்பதில்லை. கைக்குழந்தைகளுக்கென விற்கப்படும் அத்தகைய பொடியைக் பிறந்த நாளிலிருந்து அல்லாமல், கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணி 42 வாரம் கடந்த குழந்தைகளுக்கே தருகிறார்கள். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ஆயினும் அவளுடைய எடை, குடலின் நிலை, பிறந்தபோது குடல் நோய் ஏதும் இருந்ததா என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர்தான் சரி சொல்லவேண்டும். அந்தப் பொடியை வெதுவெதுப்பான பாலில் கலந்து, உறையில் குறிப்பிட்டிருக்கும் நேரம்வரை காத்திருந்தால்தான் முழுக் கெட்டித்தன்மை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவேளை பால்பவுடருக்கு மாறும்படி மருத்துவர் சொன்னால் அதில் சீரியல் நீர்த்துப்போகாது. ஆனால் அரிசியைவிட ஓட்ஸ் சீரியல் நல்லது. அரிசியில் கனிம ஆர்செனிக் கூடுதலாகச் சேர்வதால், கைக்குழந்தைகளுக்கான அரிசி சீரியலில் அது நூறு கோடியில் 100 பங்கைத் தாண்டக்கூடாது என்று அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் வரம்பு வைத்தது.

இனி அளவு. 'இரண்டாம் நிலை' என்று அறிக்கையில் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதற்கென்று எளிய சோதனை இருக்கிறது. 0 முதல் 10 மில்லிவரையான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் 10 மில்லி சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அதன் தண்டைக் கழற்றிவிட்டு, முனையை விரலால் அடைத்துக்கொண்டு 10 மில்லி பாலை ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாக 10 விநாடி ஒழுகவிட்டு, மீண்டும் அடையுங்கள். உள்ளே 1 முதல் 4 மில்லிவரை எஞ்சியிருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 மில்லிவரை என்றால் இரண்டாம் நிலை, 8 மில்லிக்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. குழந்தை குடிக்கும் சூட்டில்தான் இதைச் செய்யவேண்டும், ஏனெனில் சூடு மாறினால் கெட்டித்தன்மையும் மாறும். கலந்து முடித்ததும் ஒருமுறையும், அவள் வழக்கமாகக் குடித்து முடிக்கும் நேரம் கழித்து மறுமுறையும் செய்து, இரண்டு அளவையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் 'நீர்த்துப்போதல்' அவருக்கு எண்ணாகவே தெரிந்துவிடும்.

நிப்பிளை வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டிய துளையில் பால் ஒரு நேரம் சொட்டும், ஒரு நேரம் பாயும். வெட்டிய ஓரம் கிழிந்து துண்டு வாய்க்குள் போகவும் கூடும். ஒரு நிறுவனத்தின் 'மெது' நிப்பிளும் இன்னொரு நிறுவனத்தின் 'மெது' நிப்பிளும் ஒரே வேகத்தில் பாலை விடுவதில்லை. ஆதலால் அந்தக் கெட்டித்தன்மைக்கு எந்த நிப்பிள் பொருந்தும் என்பதை உங்கள் சிகிச்சையாளர் குழந்தை குடிப்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

பதில்: குறைமாத மகனின் தந்தை

சகோதரி, எங்கள் மகனுக்குக் குரல்வளையின் பின்புறம் பிறவிப் பிளவு இருந்ததால், கெட்டிப்பால் கொடுத்துத்தான் வளர்த்தோம். மேலே சிகிச்சையாளர் சொன்னதற்குமேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வீட்டில் இதை நடத்துவது பற்றி மட்டும் சொல்கிறேன். சமையலில் கைப்பக்குவம் பெருமைக்குரியதாக இருக்கலாம். இந்தப் பாலில் அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. நான் கலக்குவதும், மனைவி கலக்குவதும், மாமியார் கலக்குவதும் ஆளுக்கொரு பதமாக இருந்தன. கரண்டியைக் குவித்து எடுப்பதா, கத்தியின் முதுகால் வழித்து எடுப்பதா என்பதிலேயே பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது. ஆகவே எத்தனை மில்லி பாலுக்கு எத்தனை தட்டைக் கரண்டிப் பொடி, எவ்வளவு நேரம் கலக்குவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைப் பொடி டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டினோம். சிரிஞ்சுச் சோதனையை வீட்டில் எல்லோரும் தாங்களே செய்து பார்த்தபின் வாக்குவாதமும் நின்றது, ஏனெனில் எஞ்சிய பால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை அவரவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

குலுக்கினால் நுரை கட்டும், அந்த நுரையோடு அளந்தால் கணக்கு தவறும். எனவே கலக்கிவிட்டு நுரை அடங்கக் காத்திருப்பது நல்லது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சிகிச்சையாளர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குழந்தையை மல்லாக்கச் சாய்க்காமல், இடுப்பைவிடத் தலை உயர்ந்திருக்கும்படி மடியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடித்து ஊட்டவேண்டும். சில மிடறு உறிஞ்சியதும் நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலேயே புட்டியைச் சற்றுக் கீழே தாழ்த்தினால், நிப்பிளில் இருக்கும் பால் புட்டிக்குள் திரும்பிவிடும், அவன் ஓர் இடைவெளி விட்டு மூச்சு வாங்கிக்கொள்வான். புருவம் உயர்வது, விரல்கள் விறைத்து விரிவது, கடைவாயில் பால் வழிவது, கண்ணில் நீர் கட்டுவது ஆகியவையே அவன் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் விதம் என்று அறிந்தபின், புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தே ஊட்டினோம்.

பதில்: பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்

உங்கள் குழந்தை இருமாததால் ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தது இயல்பே. ஆனால் குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் பால் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் எழுவதில்லை. அதனால் இருமல் வருகிறதா என்பதை மட்டும் நம்பி, பால் சரியாகப் போகிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஊட்டியபின் குரல் ஈரமாகக் கேட்பது, மூச்சு வேகமாவது, காரணம் தெரியாத காய்ச்சல், ஒரு வேளைப் பாலைக் குடித்து முடிக்க அரைமணி நேரத்துக்கு மேலாவது, எடை ஏறாமை ஆகியவற்றைக் கண்டால் தெரிவியுங்கள். உதடு நீலம்பாய்ந்தாலோ மூச்சு நின்றாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். எந்தப் பொடியைத் தொடங்கினாலும் வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றையும் அதே அவசரத்தோடு பார்க்கவேண்டும். யாராவது கெட்டியாக்கத் தேன் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனால் பொட்டுலிசம் என்னும் நச்சுநோய் வரும் ஆபத்து உண்டு.

மீண்டும்: புதுத்தாய்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் பேசினேன். கலந்த உடன் 6 மில்லி எஞ்சியதையும், அரைமணி கழித்து ஒரு மில்லிகூட எஞ்சாததையும் சொன்னதும் உடனே வரச்சொல்லி, கேரப் பொடிக்கு மாற்றித் தந்தார். பால் இப்போது கடைசிவரை பதம் மாறாமல் இருக்கிறது. ஆனால் அவளுக்கு மலம் இறுகிவிட்டது. வீட்டில் மூத்த மகனுக்கு வாங்கிய மலமிளக்கிப் பொடி இருக்கிறது, அதில் கொஞ்சம் கொடுக்கலாமா? மேலும், அவளை மார்பில் போட்டுக் குடிக்கவைக்க இனி வழியே இல்லையா? அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கிறது.

பதில்: விழுங்கல் சிகிச்சையாளர்

இவ்வளவு விரைவாகச் செய்தது மிகவும் நல்லது. மலமிளக்கியை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் வகை மலமிளக்கியை மாவுச்சத்தால் கெட்டியாக்கிய பானத்தில் கலந்தால் அது தண்ணீராகிவிடும். விழுங்கச் சிரமப்படுவோருக்கு அது ஆபத்து என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எச்சரித்தது. பாலைக் கெட்டியாக்க நீங்கள் கலக்கும் கேரப் பொடி மாவுச்சத்து வகை அல்ல என்றாலும், அவள் குடிக்கும் மருந்து எதுவானாலும் பாலில் கலப்பதற்கு முன் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வதே முறை. சொட்டு மருந்துகளும் கெட்டியாக்காத நீர்மங்களே. அவற்றை எப்படிக் கொடுப்பது என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நாளில் ஏறக்குறைய ஆறு முறையாவது அவள் சிறுநீர் கழிக்கிறாளா என்று கவனியுங்கள். குறைந்தால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள், மலம் இறுகுவதற்கு அதுவும் காரணமாகலாம். மலச்சிக்கலையும் சிறுநீர்க் கணக்கையும் மருத்துவரிடம் சொன்னால் அவர் பொடியின் அளவையும் பாலின் அளவையும் சரிபார்ப்பார்.

மார்பில் குடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்டதில் ஒரு வழி இருக்கிறது. பம்ப் வைத்துப் பாலை முழுதும் எடுத்தபின், ஏறக்குறைய வற்றிய மார்பில் அவளைச் சப்பவிடச் சில குழந்தைகளுக்கு நாங்கள் அனுமதிப்பதுண்டு. பால் வேகமாகப் பாயாது என்பதால் ஆபத்து குறையும், உங்கள் பால்சுரப்பும் தொடரும். உங்கள் மகளுக்கு இது பொருந்துமா என்பதைச் சிகிச்சையாளர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் விழுங்கல் பரிசோதனை உங்கள் மருத்துவமனையில் உண்டா என்றும் கேளுங்கள். அதில் கதிர்வீச்சு இல்லை. குழந்தை மார்பில் குடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யமுடியும்.

குறைமாதக் குழந்தைகளில் பலருக்கு நரம்பு மண்டலம் முதிர முதிர விழுங்கும் திறன் மேம்படும். அப்போதும் பொடியை ஒரேயடியாக நிறுத்தாமல், மருத்துவக் குழு வகுத்துத் தரும் திட்டப்படி சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில நாள் மூச்சையும் காய்ச்சலையும் கவனித்து, தேவையானால் மறுபடி பரிசோதித்து மேலே போகவேண்டும். இப்போது எழுதிவரும் சிரிஞ்சு அளவுகளை விடாமல் குறித்துவையுங்கள். குறைக்கத் தொடங்கும் நாளில் அந்த எண்களை வைத்துத்தான் அடுத்த படியைத் தீர்மானிப்போம்.